வேகத்துக்குள் மெட்டு: ஸ்கேட் பங்க், ஹார்ட்கோர் ஆல்பங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இசையை நான் வீட்டில் கேட்பேன், வேலைக்குப் போகும் ரயிலில் கேட்பேன், ரிசர்விஸ்ட் முகாமில் படுக்கையில் சாய்ந்தபடி கேட்பேன். பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி கேட்டுவிடுவார். அண்ணன் பிள்ளைகள் ஒருவிதமாகக் கேட்பார்கள், சித்தி வேறுவிதமாகக் கேட்பார், உள்ளே இருக்கும் சந்தேகம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

சித்தப்பா, ஸ்கேட் பங்க்னா என்ன? ஹார்ட்கோர்னும் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?

ஹார்ட்கோர்தான் முதலில் வந்தது. 1970களின் பங்க் ராக்கை (கிட்டார், டிரம்ஸ் வைத்து எளிமையாக, முரட்டுத்தனமாக வாசிக்கும் ராக் இசை) இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் வாசிக்க அமெரிக்க இளைஞர்கள் 1980 வாக்கில் தொடங்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பிளாக் ஃபிளாக், வாஷிங்டனில் பேட் பிரெயின்ஸ், மைனர் திரெட். பெரிய இசை நிறுவனங்கள் இவர்களைத் தேடி வரவில்லை. பிளாக் ஃபிளாக்கின் கிரெக் ஜின் எஸ்எஸ்டி என்ற லேபிளை, அதாவது ரெக்கார்டு வெளியிடும் சிறு நிறுவனத்தை, தொடங்கினார். மைனர் திரெட்டின் இயன் மக்காயும் நண்பர்களும் டிஸ்கார்ட் என்ற லேபிளைத் தொடங்கினார்கள். பதிவு செய்வதிலிருந்து அட்டை மடிப்பது வரை தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வேகத்தைக் குறைக்காமலே அதற்குள் வாய்விட்டுப் பாடக்கூடிய மெட்டைக் கொண்டுவந்தது அடுத்த கட்டம். அடோலசென்ட்ஸ் 1981இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலும், டிசென்டென்ட்ஸ் 1982இல் வெளியிட்ட 'மைலோ கோஸ் டு காலேஜ்' ஆல்பத்திலும் அது தெளிவாகவே இருக்கிறது. 1988இல் பேட் ரிலிஜன் 'சஃபர்' ஆல்பத்தை வெளியிட்டது. 15 பாடல்கள், ஏறக்குறைய 26 நிமிடம். 1990களில் பெயர்பெற்ற என்ஓஎஃப்எக்ஸ், லாக்வாகன், பென்னிவைஸ், ஸ்ட்ரங் அவுட் எல்லாருமே அந்த ஆல்பம் காட்டிய வழியில் நடந்தவர்கள். மெலடிக் ஹார்ட்கோர், ஸ்கேட் பங்க் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுப் பிரிக்க நான் முயல்வதில்லை.

ஸ்கேட்போர்டுக்கும் இந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒரே ஊரில், ஒரே பிள்ளைகள் கையில் வளர்ந்தவை. 'த்ராஷர்' என்ற ஸ்கேட்போர்டிங் இதழ் 1983 முதல் 'ஸ்கேட் ராக்' என்ற பெயரில் கேசட் தொகுப்புகளை வெளியிட்டது. பெயர்பெற்ற ஸ்கேட்டர் ஸ்டீவ் கபலேரோ, தி ஃபேக்ஷன் என்ற பேண்டில் தானே வாசித்தார்.

நம் தலைமுறையில் பலருக்கு இந்த இசை வந்து சேர்ந்த வழி டோனி ஹாக் ஸ்கேட்போர்டிங் வீடியோ கேம். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் பேட் ரிலிஜன், மில்லென்கோலின், லாக்வாகன் மூன்று பேரின் பாட்டும் இருந்தன. இங்கே சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் ஸ்கேட் பார்க்கிலோ சோமர்செட்டிலோ போய்ப் பாருங்கள், இன்றைய பிள்ளைகள் பலர் ஹிப் ஹாப் போட்டுத்தான் சுற்றுகிறார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இந்தப் பாட்டுகளை ரசிக்கப் பலகை மேல் நிற்கத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி, ஒரே சத்தமா இருக்கே? எப்படித்தான் வித்தியாசம் கண்டுபிடிக்கிறீங்க?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நம் காதுக்குப் பழக்கமான பாட்டில் முன்னிசை இருக்கும், பல்லவி இருக்கும், சரணத்துக்கு முன் மூச்சு விட ஓர் இடைவெளி இருக்கும். இங்கே அந்த எல்லாமும் இருக்கின்றன, ஆனால் நான்கு நிமிடத்தில் வர வேண்டியது ஒன்றரை நிமிடத்தில் வருகிறது. காது அந்த அளவுக்குப் பழகும்வரை சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆகவே ஒரே பாட்டை மூன்று முறை போடுங்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் பின்தொடருங்கள்.

முதல் முறை டிரம்ஸ். கிக்கும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும், சுளீரென்று ஒலிக்கும் டிரம்) மாறி மாறிப் பாயும் ஒரு வேக நடை இந்த இசையின் அடையாளம். பெரும்பாலும் நிமிடத்துக்கு 180 பீட்டுக்கு மேல் போகும். வரிக்கு வரி எங்கே நடையைப் பாதியாகக் குறைக்கிறார்கள், எங்கே மறுபடி அவிழ்த்துவிடுகிறார்கள் என்று கவனியுங்கள். தைப்பூசத்தில் உறுமி மேளம் நடை மாற்றும் அந்த ஒரு கணத்தில் உடம்பு தானாக நிமிருமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. அடுத்த முறை கிட்டார். உள்ளங்கையைத் தந்தி மேல் அழுத்தி வைத்து அடக்கி வாசிப்பது ஒரு வண்ணம். ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து மேலே பாட்டு போல் வாசிப்பது இன்னொரு வண்ணம்.

மூன்றாம் முறை குரல்கள். 'சஃபர்' ஆல்பத்தில் கிரெக் கிராஃபின் முதன்மையாகப் பாட, பின்னால் மற்றவர்கள் நீண்ட 'ஆ'காரங்களை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். கீழே டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், மேலே அந்தக் குரல்கள் நிதானமாக நகரும். வேகமும் நிதானமும் ஒரே நேரத்தில் கேட்பதுதான் இந்த இசையின் அழகு. இது காதில் விழுந்துவிட்டால் 'எல்லாம் ஒரே மாதிரி' என்று அப்புறம் சொல்ல மாட்டீர்கள்.

சரி, எதுல ஆரம்பிக்கட்டும்? நாலஞ்சு ஆல்பம் மட்டும் சொல்லுங்க அண்ணே.

'சஃபர்' பற்றி மேலே சொல்லிவிட்டேன், அது கட்டாயம். அடுத்து 'மைலோ கோஸ் டு காலேஜ்'. இதுவும் 15 பாட்டு, 22 நிமிடம். பில் ஸ்டீவன்சனின் டிரம்ஸும் டோனி லொம்பார்டோவின் பேஸும் அதில் பேசிக்கொள்வதைக் கேட்டால், பேஸ் என்ற கருவி எதற்கு இருக்கிறது என்ற கேள்வியே எழாது. மூன்றாவது, என்ஓஎஃப்எக்ஸ் 1994இல் வெளியிட்ட 'பங்க் இன் டிரப்ளிக்'. மெட்டு வளம் என்று பார்த்தால் அந்தப் பத்தாண்டில் இதற்கு ஈடு குறைவு.

ஹார்ட்கோர் பக்கம் போக விரும்பினால் கொரில்லா பிஸ்கட்ஸ் 1989இல் தந்த 'ஸ்டார்ட் டுடே'. எக்காளம் ஊதித் தொடங்கும் ஹார்ட்கோர் ஆல்பம் அது, நம்பிக்கையும் உற்சாகமும் நிறைந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே ஆல்பத்தில் கேட்க லைஃப்டைம் பேண்டின் 'ஜெர்சீஸ் பெஸ்ட் டான்சர்ஸ்', 1997. என்னுடைய தனிப்பட்ட தேர்வு கேட்டால் அதைத்தான் சொல்வேன். கோபத்தோடு பாடும் குரலில் காதலும் ஊர்ப்பாசமும் இவ்வளவு இருக்க முடியும் என்று அந்த ஆல்பம் காட்டியது.

பாட்டு ஏன் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுது? காசுக்கு ஏத்த அளவு வேணாமா?

சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்திவிடுகிறார்கள். மைனர் திரெட் 1981இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' 46 விநாடிதான். அந்த 46 விநாடி ஓர் உலகளாவிய வாழ்க்கை முறைக்கே பெயர் கொடுத்தது (கீழே சித்தியின் கேள்வியில் அதைப் பார்க்கலாம்). இரண்டாம் முறை வரும் பல்லவியை இன்னொரு முறை போடத் தோன்றும் இடத்தில் போடாமல் விடுவதற்கு நிறையக் கட்டுப்பாடு வேண்டும்.

நீளமாக எழுதத் தெரியாமல் இல்லை. என்ஓஎஃப்எக்ஸ் 1999இல் 'தி டிக்ளைன்' என்று ஒரே பாட்டை 18 நிமிடத்துக்கு மேல் எழுதிப் பதிவு செய்தார்கள். பகுதி பகுதியாக நடை மாறும், மெட்டுகள் திரும்பி வரும், ஓர் இடத்திலும் தொய்வு இல்லை. மேலே சொன்னவற்றைக் கேட்டு முடித்தபின் அதற்கு வாருங்கள்.

என்ன பாடுறாங்கன்னே புரியல. வரியில ஏதாச்சும் இருக்கா, சும்மா கத்தலா?

வரிகளில்தான் பாதி உயிர் இருக்கிறது. வரிகள் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். கிராஃபின் பரிணாம உயிரியல் படித்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தியவர். அகராதியைத் திறக்க வைக்கும் சொற்களை அவர் மெட்டுக்குள் உட்கார வைக்கும் விதம் வேறு யாரிடமும் இல்லை. மதம், நுகர்வு, போர், அறிவியல் என்று எதையும் விடுவதில்லை.

கனடாவின் வினிபெக் நகரத்துப் பேண்ட் ப்ரொபகாண்டி இன்னும் ஒரு படி மேலே போனது. 1993இல் முதல் ஆல்பம் வந்தபோது குறும்பான ஸ்கேட் பங்க். 2001இல் 'டுடேஸ் எம்பயர்ஸ், டுமாரோஸ் ஆஷஸ்' வந்தபோது இசை முறுக்கேறி, வரிகள் பேரரசுகளையும் காலனியத்தையும் நேராகக் கேள்வி கேட்டன. காலனிய ஆட்சியில் ரப்பர் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கூலி வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த ஆல்பம் தொலைவில் நடக்கும் ஏதோ ஒன்றைப் பாடுவதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

தம்பி, இதெல்லாம் குடிக்கிறவங்க, போதை ஏத்துறவங்க கேக்குற பாட்டுதானே? (சித்தி)

இல்லை சித்தி. மேலே சொன்ன 46 விநாடிப் பாட்டு 'நான் குடிக்க மாட்டேன், போதைப்பொருள் தொட மாட்டேன், எனக்கு வேறு வேலை இருக்கிறது' என்ற உறுதியைத்தான் பாடுகிறது. அதன் பெயரிலேயே ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற வழக்கம் உலகம் முழுவதும் பரவியது. கொரில்லா பிஸ்கட்ஸும் அந்த வழிவந்தவர்கள். 'மைலோ கோஸ் டு காலேஜ்' என்ற தலைப்பே பாடகர் மைலோ ஆக்கர்மன் கல்லூரி படிக்கப் போனதால் வைத்தது. அவர் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கி, தாவர ஆய்வாளராக நீண்ட காலம் வேலை பார்த்தார்.

ஆனால் எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். குடியையும் போதையையும் கொண்டாடிய பேண்டுகள் உண்டு, அதனால் அழிந்தவர்களும் உண்டு. பென்னிவைஸ் பேண்டின் பேஸ் கலைஞர் ஜேசன் தர்ஸ்க் 1996இல் இறந்தார். நண்பர்கள் அடுத்த ஆண்டே 'ஃபுல் சர்க்கிள்' ஆல்பத்தை வெளியிட்டு, அவர் முன்பு நண்பர்களுக்காக எழுதிய பாட்டை அவருக்கே அஞ்சலியாக மறுபடி பதிவு செய்தார்கள். லாக்வாகனும் தங்கள் முன்னாள் டிரம்மர் டெரிக் ப்ளூர்டை இழந்து, 2005இல் 'ரிசால்வ்' என்ற ஆல்பம் முழுவதையும் அவர் நினைவில் எழுதினார்கள். நடை வேகம்தான், மெட்டு பிரகாசம்தான், உள்ளே இருப்பது ஒப்பாரி. அந்த இரண்டு ஆல்பத்தையும் கேட்டவர் யாரும் இதை வெறும் கேளிக்கைப் பாட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

வெள்ளைக்காரப் பசங்க பாட்டுதானே இது? நம்ம நிறத்துக்கு அங்க என்ன இடம்?

ஹார்ட்கோரின் வேகத்தைத் தொடங்கி வைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பது பேட் பிரெயின்ஸ். நான்கு பேரும் கறுப்பினத்தவர், ஜமைக்காவில் பிறந்த ராஸ்தஃபாரி சமய நெறியில் நடந்தவர்கள். 1982இல் அவர்கள் ஆல்பம் கேசட்டாக வெளிவந்தது. வெறிபிடித்த வேகப் பாட்டுகளுக்கு நடுவே நிதானமான ரெகே பாட்டுகள் வரும். அவர்களைப் பார்த்துக் கற்றதாக மைனர் திரெட் கலைஞர்களே சொல்லியிருக்கிறார்கள். டெட் கென்னடிஸ் 1981இலேயே நாஜிகளை வெளியே போகச் சொல்லி ஒரு பாட்டு வெளியிட்டார்கள். இனவெறியர்கள் இந்த இசைக்குள் நுழையப் பார்த்தது உண்மை, விரட்டப்பட்டதும் உண்மை.

நம் ஊரிலோ இந்த இசையைத் தோளில் தூக்கி வளர்த்ததில் மலாய் இளைஞர்களின் பங்கு மிகப் பெரியது. கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள், யாரும் உங்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே நல்ல பேண்டே இல்லையா?

நிறைய. ஸ்வீடனின் எரெப்ரோ நகரத்து மில்லென்கோலின் 1995இல் 'லைஃப் ஆன் எ பிளேட்', 2000இல் 'பென்னிபிரிட்ஜ் பயனியர்ஸ்' தந்தது. அதே நாட்டின் சட்டானிக் சர்ஃபர்ஸ், நோ ஃபன் அட் ஆல். ஜப்பானின் ஹை ஸ்டாண்டர்ட் 1999இல் 'மேக்கிங் த ரோட்' ஆல்பத்தைத் தங்கள் சொந்த லேபிளில் வெளியிட்டு அங்கே பெரும் வெற்றி கண்டது. மூன்றே பேர். அந்த ஆல்பத்தில் இருக்கும் மகிழ்ச்சி கலப்படமில்லாதது.

நம்ம சிங்கப்பூர்ல இப்படி யாராச்சும் வாசிக்கிறாங்களா?

1980களிலிருந்தே. 1986இல் தொடங்கிய ஆப்பசிஷன் பார்ட்டி இங்கே பங்க், ஹார்ட்கோர் வழியின் முன்னோடி. பின்னால் ஸ்டாம்பிங் கிரவுண்ட் வந்தது. மெலடிக் பங்க் என்று கேட்டால் 1996இல் தொடங்கிய பிளெய்ன்சன்செட்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கேயே வளர்ந்த ஒருவர் மனத்தில் இருப்பதை அவர்கள் அழகான மெட்டில் பாடினார்கள். இன்னும் கடுமையான கிரைண்ட்கோர் பக்கம் வோர்ம்ராட், 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா மேடை வரை போனது.

பேண்டுகளைச் சொல்லும்போது இடங்களையும் சொல்ல வேண்டும். குவோ பாவ் குன் 1990இல் ஆர்மினியன் ஸ்திரீட்டில் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலை மையம், தன் தோட்டத்தைப் பங்க், மெட்டல் கச்சேரிகளுக்குத் திறந்துவிட்டது. பெரிய அரங்குகள் கதவைத் திறக்காத காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டு அவர்கள் வெளியேறியது இந்த ஊர் இசைக்குப் பெரிய இழப்பு. 1985இல் தொடங்கிய 'பிக் ஓ' இதழ் உள்ளூர்ப் பேண்டுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு எஸ்பிளனேடில் நடக்கும் பேபீட்ஸ் விழா நல்ல நுழைவாயில். 2002 முதல் நடக்கிறது, கட்டணம் இல்லை.

மோஷ் பிட்ல இறங்கினா அடிபடாதா? இங்க அதுக்குத் தடையே இருந்துச்சாமே?

மோஷ் பிட் என்பது மேடைக்கு முன்னால் கூட்டம் ஒருவரை ஒருவர் மோதி ஆடும் இடம், அந்த ஆட்டத்துக்கு ஸ்லாம் டான்சிங் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் இங்கே அதற்குத் தடை விதித்தது உண்மை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சண்டையாகத் தெரியும், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. உள்ளே சில விதிகள் உண்டு, யாரும் எழுதி வைக்காவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். கீழே விழுந்தவரை அந்த நொடியே தூக்கிவிட வேண்டும். ஓரத்தில் நிற்பவரை இழுக்கக் கூடாது. கண்ணாடி, பணப்பை எதுவும் கீழே கிடந்தால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும்.

முதல் முறை போகிறவர்கள் பின்வரிசையில் ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சத்தம் சீராகக் கேட்கும் இடமும் அதுதான். காதடைப்பான் கட்டாயம், மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

ஆஃப்ஸ்பிரிங், கிரீன் டே எல்லாம் பங்கே இல்லைன்னு சில பேர் சண்டைக்கு வர்றாங்களே, ஏன்?

பெரிய நிறுவனத்துக்குப் போன பேண்ட் விலைபோய்விட்டது என்பது அவர்கள் வாதம். எல்லாம் 1994இல் தொடங்கிய வழக்கு. கிரீன் டே பெரிய நிறுவனத்துக்குப் போய் 'டூக்கி' வெளியிட்டது. பேட் ரிலிஜன்கூட 'ஸ்ட்ரேஞ்சர் தன் ஃபிக்ஷன்' ஆல்பத்தை அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனம் மூலம் வெளியிட்டது. ஆஃப்ஸ்பிரிங்கின் 'ஸ்மாஷ்' கதை வேறு. அதை வெளியிட்டது எபிடாஃப், அதாவது பேட் ரிலிஜனின் பிரெட் குரெவிட்ஸ் தன் பேண்டின் ரெக்கார்டுகளுக்காகத் தொடங்கிய லேபிள். சுயேச்சை லேபிளில் வந்து கோடிக்கும் மேல் விற்ற ஆல்பம் அது. அதை 'விலைபோனது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: யார் வெளியிட்டார்கள் என்பது முக்கியம், ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது. 'டூக்கி' நன்றாக இருக்கிறது. அதே நேரம், டிஸ்கார்டும் எபிடாஃபும் என்ஓஎஃப்எக்ஸின் ஃபேட் மைக்கும் எரின் பர்கெட்டும் தொடங்கிய ஃபேட் ரெக் கார்ட்ஸும் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் நான் பெயர் சொன்ன ஆல்பங்களில் பாதி பிறந்தே இருக்காது. பெரிய நிறுவனங்களை நம்பிக் காத்திருக்காமல் இசைக்கலைஞர்களே செய்த காரியம் அது.

ஃபோன்லயே எல்லாம் கிடைக்குதே, சிடியும் ரெக்கார்டும் ஏன் வாங்கணும்?

கேட்பதற்கு ஃபோன் போதும். ஆனால் இந்த ஆல்பங்களின் பாட்டு வரிசை யோசித்து அடுக்கியது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது விழும் அந்த அரை விநாடி இடைவெளிகூட இசையின் பகுதிதான். ஷஃபிளில் போட்டால் அது கெட்டுப்போகும். 26 நிமிட ஆல்பத்தை ஈசூனிலிருந்து சிட்டி ஹால் போகும் வழியில் முழுதாகக் கேட்டுவிடலாம், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

வாங்க முடிந்தால் வாங்குங்கள். சிறிய லேபிளுக்கு அந்தப் பணம் நேராகப் போகிறது. வரிகளும் நன்றிப் பட்டியலும் அச்சில் கிடைக்கும். அந்த நன்றிப் பட்டியல்தான் நான் புதுப் பேண்டுகளைத் தேடிய முதல் வழி. ஒருவர் பெயரைப் பிடித்துக்கொண்டே போகலாம். பிரையன் பேக்கரைப் பாருங்கள்: மைனர் திரெட்டில் வாசித்தார், பிறகு டாக் நாஸ்டியில் 1986இல் 'கேன் ஐ சே' என்ற அருமையான ஆல்பம், 1994 முதல் பேட் ரிலிஜன். ஹார்ட்கோரிலிருந்து மெட்டுக்கு வந்த பாதை முழுவதும் அந்த ஒரு மனிதரின் கைவழியே தெரிகிறது.

தமிழ்ல இப்படிப் பாட முடியுமா? நம்ம மொழி இந்த வேகத்துக்கு ஒத்து வருமா?

வரும் என்று உறுதியாக நம்புகிறேன். சிங்கப்பூரிலேயே 1992இல் தொடங்கிய ருத்ரா, வேத வரிகளையும் சமஸ்கிருதத்தையும் கடுமையான மெட்டலில் உட்கார வைத்து உலக அளவில் பெயர் வாங்கியிருக்கிறது. அது மெட்டல், நாம் பேசுவது பங்க். ஆனாலும் நம் பக்கத்து மொழியும் மரபும் இந்தச் சத்தத்துக்குள் நிற்கும் என்பதை நிரூபித்துவிட்டார்கள்.

தமிழில் இதற்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்களை வாய்விட்டு வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'தத்தன தனதன' என்று ஓடும்போது இரட்டிக்கும் வல்லினம் ஒவ்வொன்றும் ஸ்னேர் அடி விழும் இடத்தில் போய் உட்காரும். க்க, ட்ட, த்த, ப்ப என்று நம் சொற்களில் எத்தனை! தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நீட்டிப் பாட வேண்டிய பல்லவியில் நெடில் வேண்டும், அங்கே நம் வினைமுற்றுகள் 'கிறார்கள்', 'கின்றன' என்று நீண்டு வந்து மெட்டை நெரிக்கும். வீட்டில் பேசும் தமிழில் எழுதினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்: 'போறோம்', 'வர்றோம்', 'விட மாட்டோம்'. ஒரு கூட்டமே சேர்ந்து கத்த ஏற்ற சொற்கள் இவை.

இந்தக் கேள்வியைக் கேட்ட அண்ணன் மகனிடம் கிட்டார் இருக்கிறது, கூட்டாளி ஒருவனிடம் பேஸ் இருக்கிறது. இப்போதைக்கு வேண்டியது நிமிடத்துக்கு 180 பீட்டில் இரண்டு நிமிடம் தளராமல் வாசிக்கும் ஒரு டிரம்மர். தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வரிகள் எழுதித் தர நான் தயார்.